சிட்னிக் கொல்லைப்புறத்திற்குச் சிறு பறவைகளை வரவழைப்பது எப்படி? – ஒரு முழுமையான வழிகாட்டி

சிட்னியின் மேற்குப் புறநகரில் 600 சதுர மீட்டர் மனை. முன்புறம் சீராக வெட்டிய புல்தரை, பின்புறம் சுழலும் துணிக்கொடிக் கம்பம், வேலியோரம் ஒரு கறிவேப்பிலை மரம், பக்கத்து மனையில் நெடிதுயர்ந்த தைலமரம் ஒன்று. நான் குடியிருக்கும் வீட்டின் அமைப்பு இது. இப்பகுதியில் பல வீடுகளின் அமைப்பும் ஏறத்தாழ இதுவே. இத்தகைய வீட்டுக்குப் பறவைகளை வரவழைக்க எவரும் பாடுபட வேண்டியதில்லை. விடியுமுன்னரே மேக்பை குழலூதுவது போலப் பாடத் தொடங்கிவிடும். காலை வெயில் ஏறும்போது ரெயின்போ லோரிகீட் கிளிகள் கூட்டமாகக் கிறீச்சிட்டபடி கூரைக்கு மேலே பறந்து போகும். வெள்ளைக் காக்கட்டூ வேலியில் வந்தமர்ந்து குப்பைத் தொட்டியை நோட்டமிடும். ஆனால் இவையெல்லாம் உருவில் பெரியவை, அல்லது குணத்தில் முரடானவை. பத்துப் பன்னிரண்டு கிராம் எடையே உள்ள நீலநிற ஃபேரி ரென், வளைந்த ஊசி அலகால் தேன் குடிக்கும் ஸ்பைன்பில், நம் ஊர் வெள்ளைக்கண்ணியின் நெருங்கிய உறவான சில்வர்ஐ ஆகியவற்றை, இதே புறநகரில் பல ஆண்டுகள் வாழ்ந்தும் ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் பலர் இருக்கிறார்கள்.

சிறு பறவைகள் வராததற்குக் காரணம் உணவில்லாமை என்றே பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். தானியத் தட்டு வாங்கி மாட்டுகிறார்கள். உண்மையில் அவற்றுக்கு இல்லாமல் போனது ஒளிந்துகொள்ள இடம். கீழே சொல்லப்படும் படிகள் அனைத்தும் இந்த ஒரு கணிப்பிலிருந்து புறப்படுபவை. செடிகளின் பெயர்கள் சிட்னி வட்டாரத்துக்கு உரியவை. மெல்போர்னிலோ பிரிஸ்பேனிலோ இருப்பவர்கள் முறையை எடுத்துக்கொண்டு செடிகளைத் தங்கள் வட்டாரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். பெர்த்தில் இருப்பவர்களுக்குப் பறவைக் கணக்கே வேறு: கிழக்குக் கரையின் செல்லப்பிள்ளையான ரெயின்போ லோரிகீட், அங்கே மனிதரால் கொண்டுவரப்பட்டுப் பெருகிவிட்ட தொல்லைப் பறவை.

முதல் படி: எதையும் வாங்குவதற்கு முன் ஒரு மாதம் பாருங்கள்

ஒரு நாற்காலியை வீட்டுச் சுவரை ஒட்டிப் போட்டு, அசையாமல் இருபது நிமிடம் உட்காருவதே முதல் வேலை. இருபது நிமிடம் என்பது நானாகச் சொல்லும் அளவு அல்ல. பேர்ட்லைஃப் ஆஸ்திரேலியா அமைப்பு 2014 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் நடத்திவரும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில் ஒரு கணக்குக்கு வகுத்திருக்கும் நேரம் அது. காலையில் ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என வாரத்துக்கு இரண்டு நாள் உட்கார்ந்தால், ஒரு மாதத்தில் உங்கள் மனைக்கு வரும் பறவைகளில் பெரும்பாலானவை கண்ணில் பட்டுவிடும். பெயரை மட்டும் குறித்துக்கொள்வதால் பயன் குறைவு. எந்த உயரத்தில் உட்கார்ந்தது, என்ன தின்றது, எது எதைத் துரத்தியது என்ற மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பிற்பாடு எங்கே எந்தச் செடியை நடுவது என்பதை இந்தக் குறிப்பேடுதான் சொல்லும்.

இருநோக்கி வாங்குவதானால் 8x42 அளவு (எட்டு மடங்கு பெரிதாக்குவது, முன்வில்லை 42 மில்லிமீட்டர்) போதுமானது. அதைவிடப் பெரிதாக்கும் கருவியில் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். தவிர, கொல்லைப்புறத்தில் பறவை பத்து மீட்டருக்குள்தான் இருக்கும் என்பதால், இரண்டு மூன்று மீட்டர் தொலைவிலும் தெளிவாகக் குவியும் கருவியா என்பதைக் கடையிலேயே சோதித்துப் பாருங்கள். அடையாளம் காண மெர்லின் என்ற இலவசச் செயலி உதவும்.

இந்த ஒரு மாதத்தில் நீங்கள் கட்டாயம் தெளிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. நம்மவர் பலர் இங்கே காணும் இரு பறவைகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். தவிட்டு நிற உடலும் கறுத்த தலையும் பறக்கும்போது சிறகில் பளிச்சிடும் வெள்ளைத் திட்டும் கொண்டு, தரையில் மிடுக்காக நடப்பது நம் ஊர் மைனாவேதான். தோட்டப் பூச்சிகளை ஒழிக்கும் என்று நம்பி, 1862-இல் மெல்போர்னுக்குக் கொண்டுவரப்பட்டது. பூச்சி ஒழியவில்லை, மைனா பெருகியது. சாம்பல் நிற உடலும் கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் தோல் திட்டும் கொண்டு, பத்துப் பதினைந்தாகக் கூடிக் கத்துவது நாய்சி மைனர். இது முழுக்க முழுக்க இந்த மண்ணின் பறவை, தேன்சிட்டு போலத் தேன் குடிக்கும் ஹனிஈட்டர் குடும்பத்தைச் சேர்ந்தது. பெயர் ஒலிப்பில் நெருங்கினாலும் இவ்விரண்டுக்கும் உறவு எதுவும் இல்லை.

சிறு பறவைகள் மறைந்ததற்கு மைனாவைக் காட்டிலும் இந்த நாய்சி மைனரே பெரிய காரணம். கூட்டமாக ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, அங்கே நுழையும் எந்தச் சிறு பறவையையும் சேர்ந்து துரத்துவது அதன் வாழ்முறை. இந்தத் துரத்தலை 2014-இல் ஆஸ்திரேலிய அரசு நாட்டின் உயிரினங்களுக்கு ஓர் அச்சுறுத்தலாகவே சட்டப்படி பட்டியலிட்டது. ஆயினும் அது உள்நாட்டுப் பறவை என்பதால் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். ஆகவே நம் கையில் இருக்கும் ஒரே வழி, அதற்குப் பிடித்த அமைப்பை மாற்றுவதே. உயர்ந்த தைலமரம், அதன் கீழே திறந்த புல்தரை, இடையில் ஒன்றும் இல்லை என்பதே அதற்குப் பிடித்த அமைப்பு. இக்கட்டுரையின் முதல் இரண்டு வரிகளை மீண்டும் படித்தால், நாம் அதற்காகவே வீடு கட்டி வைத்திருப்பது புரியும்.

இரண்டாம் படி: தீனி வைப்பதா, வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்

சாப்பிடுமுன் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்கும் பழக்கத்தோடு வளர்ந்தவர்களுக்கு இந்தப் படிதான் கடினமானது. சிட்னியில் அந்தச் சோற்றுக்கு வருவது பெரும்பாலும் ஆஸ்திரேலிய ரேவன் என்ற வெள்ளைக்கண் அண்டங்காக்கையும், மைனாவும், இரவில் எலியும்தான். அமாவாசைக்கும் திவசத்துக்கும் வைக்கும் ஒரு பிடி சோற்றால் பெரிய கேடு எதுவும் வந்துவிடாது. காக்கை எடுத்தபின் எஞ்சியதை அப்போதே துடைத்துவிட்டால் போதும். நாள்தோறும் தட்டு நிறைய வைப்பதுதான் சிக்கல்.

கெடுதல் எதுவென்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. மேக்பைக்கும், மீன்கொத்திக் குடும்பத்தைச் சேர்ந்த கூக்கபராவுக்கும் கொத்துக்கறி போடும் வழக்கம் இங்கே பரவலாக உண்டு. பல்லி, வண்டு, மண்புழு என்று முழு உயிரைத் தின்னும் பறவைக்கு வெறும் இறைச்சியில் சுண்ணாம்புச் சத்து கிடைப்பதில்லை. அதையே தின்று வளரும் குஞ்சின் எலும்பு வலுவின்றி வளைந்துவிடும். லோரிகீட் கிளிகளுக்குத் தேன் கலந்த நீரும் ரொட்டியும் வைப்பது அதைவிட மோசமானது. அவற்றின் நாக்கு நுனியில் தூரிகை போன்ற இழைகள் உண்டு. பூந்தேனையும் மகரந்தத்தையும் வழித்தெடுப்பதற்கான அமைப்பு அது. நாற்பது கிளிகள் ஒரே தட்டில் வாய் வைக்கும்போது, அலகையும் இறகையும் உருக்குலைக்கும் கிளிநோய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் தொற்றுகிறது. காக்கட்டூவுக்குச் சூரியகாந்தி விதை வைப்பவர்கள், விதை தீர்ந்த நாளில் அது மரத்தாலான சாளரச் சட்டத்தைக் கடித்துத் துகளாக்குவதையும் பார்க்க நேரிடும். அவற்றின் அறிவுக்கூர்மையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்: குப்பைத் தொட்டி மூடியைத் திறக்கும் வித்தை 2018-க்கு முன் சிட்னியில் மூன்று புறநகர்களில் மட்டுமே காணப்பட்டது, ஒன்றைப் பார்த்து ஒன்று கற்று, 2019 முடிவதற்குள் 44 புறநகர்களுக்குப் பரவிவிட்டது.

தீனி வைப்பது அடியோடு தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தத் தட்டுக்கு எந்தப் பறவை வரும்? ஃபேரி ரென்னும் ஸ்பைன்பில்லும் தானியம் தின்பவை அல்ல. தட்டு வைப்பதால் பலம் பெறுவன யாவும் அவற்றை விரட்டும் பறவைகளே. சிறு பறவைகளை விரும்புவோர் தட்டைக் கழற்றி வைத்துவிட்டு அடுத்த படிக்குச் செல்லலாம்.

மூன்றாம் படி: தண்ணீர் வையுங்கள்

செலவு குறைவு, பலன் உடனடி என்று சொல்லத்தக்கது இது ஒன்றே. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் சுட்டமண் தட்டு ஒன்று போதும். ஆழம்தான் முக்கியம். கடையில் விற்கும் அழகிய கிண்ணங்கள் பலவும் சிறு பறவைக்கு ஆழம் மிகுந்தவை, உட்புறம் வழுவழுப்பானவை. ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டரும் நடுவில் ஐந்து சென்டிமீட்டரும் ஆழம் இருந்தால் போதும். ஆழமான கிண்ணம்தான் கையில் இருக்கிறது என்றால், நீர்மட்டத்துக்கு மேலே தலை நீட்டும்படி சொரசொரப்பான கல் ஒன்றை உள்ளே வையுங்கள். விழுந்த பல்லியும் தேனீயும் ஏறித் தப்பவும் அது உதவும்.

எங்கே வைப்பது என்பதில் இரண்டு தேவைகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. நனைந்த இறகோடு சரியாகப் பறக்க முடியாத பறவைக்குப் பாய்ந்து ஒளியப் புதர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆனால் அதே புதரில் பூனை பதுங்கக் கூடாது. இடுப்பளவு உயரத்தில் தட்டை வைத்து, அதிலிருந்து ஒன்றரை மீட்டர் தொலைவில் முட்செடி ஒன்றை நடுவது இதற்கு நல்ல தீர்வு. முள்ளுக்குள் சிறு பறவை நுழையும், பூனை நுழையாது. இடம் இருந்தால், பெரிய பறவைகளுக்கென்று திறந்தவெளியில் அகலமான தட்டு ஒன்றும், சிறியவற்றுக்கெனப் புதர்களின் நடுவே சிறிய தட்டு ஒன்றும் தனித்தனியே வைத்துவிடுங்கள். என் வீட்டில் இந்தப் பிரிவினைக்குப் பின்னரே சில்வர்ஐ குளிக்க வந்தது. ஆறேழு பறவைகள் சேர்ந்து வரும்; இரண்டு தட்டில் இறங்கும், மற்றவை கிளையில் காத்திருக்கும். இறங்கியவை தலையை முக்கி நீரை முதுகின் மேல் உருட்டிவிட்டு, மூன்று நொடியில் புதருக்குள் போய்விடும். அந்த மூன்று நொடிக்குத் துணையாக அருகில் புதர் இருப்பதால்தான் அவை துணிந்து இறங்குகின்றன.

நீரை இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது கொட்டி, தேய்த்துக் கழுவி, புதிதாக ஊற்றுங்கள். கோடையில் கொசுப் புழு ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். சோப்பு வேண்டாம். மேற்குச் சிட்னியின் வெயில் சாதாரணமானதன்று. 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. அத்தகைய நாளில் வெயிலில் கிடக்கும் உலோகத் தட்டின் நீர் சுடுநீராகிவிடும். எனவே தட்டு மண்ணாலோ கல்லாலோ ஆனதாக, பிற்பகல் நிழலில் இருப்பதாக அமையட்டும். வெளியூர் போகும்போது பக்கத்து வீட்டாரிடம் நீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போவது நல்லது; தொடர்ந்து வரும் பறவைகளுக்கு வெப்ப அலையின்போது தட்டு வறண்டு கிடப்பது பெரிய இழப்பு.

நான்காம் படி: புதர் நடுங்கள் – முக்கியமான வேலை இதுவே

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். பறவைகளுக்கு நல்லது என்று கேள்விப்பட்டு, முதல் ஆண்டில் பெரிய பூக்கள் கொண்ட ஒட்டுரகக் கிரெவில்லியாச் செடிகள் நான்கை வாங்கி நட்டேன். ஆண்டு முழுதும் பூத்தன. பூக்கொத்தில் விரலை வைத்தால் தேன் ஒட்டியது. ஆனால் எப்போதும் வற்றாத தேன்கடையை யார் கைப்பற்றுவார்கள்? ஆறே மாதத்தில் நாய்சி மைனர் கூட்டம் ஒன்று அந்த நான்கு செடிகளையும் தன் கோட்டையாக்கிக்கொண்டது. அதுவரை எப்போதாவது வந்துகொண்டிருந்த விசிறிவாலிக் குருவியும் வருவதை நிறுத்திவிட்டது. மூன்றை வேரோடு பிடுங்கினேன். நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரமும் ஒரு கிரெவில்லியாவே என்பதை இங்கே வந்தபிறகே அறிந்தேன். அந்தப் பேரினத்தில் ஆளுயரத்துக்கு மேல் போகாத, சிலந்தி போன்ற சிறு பூக்களும் குத்தும் இலைகளும் கொண்ட இனங்கள் பல உண்டு என்பதை அதற்கும் பிறகே அறிந்தேன். நமக்கு வேண்டியவை அவைதான்.

மேற்குச் சிட்னியின் இயற்கையான காடு கம்பர்லேண்ட் சமவெளிக் காடு எனப்படும். இன்று அதன் பெரும்பகுதி அழிந்து, மிக அருகிய தாவரச் சமூகமாக அரசால் பட்டியலிடப்பட்டிருக்கிறது. அந்தக் காட்டின் கீழ்த்தட்டில் இருந்த செடிகளைக் கொல்லையில் திரும்ப வைப்பதே மிகச் சரியான வழி. ஊசியிலையும் சிவப்புப் பூவும் கொண்ட கிரெவில்லியா ஜூனிபெரினா, கோடையில் வெண்ணிறச் சிறுபூக்களால் நிறைந்து பூச்சிகளை ஈர்க்கும் முள்செடியான பர்சேரியா ஆகிய இரண்டும் கொல்லைக்கு முதுகெலும்பு. இவற்றோடு ஊசி போலக் குத்தும் ஹேக்கியாவும், இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் பூக்கும் ஹேர்பின் பாங்க்சியாவும் சேரட்டும். மற்றப் பூக்கள் குறைந்த மாதங்களில் ஸ்பைன்பில் அந்தப் பாங்க்சியாவைத் தேடி வரும். தரையை ஒட்டி லொமாண்ட்ராவும் காங்கரூ புல்லும் குத்துக்குத்தாக இருக்க வேண்டும். பழம் வேண்டுமென்றால் லில்லி பில்லி வையுங்கள். நாவல் மரத்தின் பேரினத்தைச் சேர்ந்தது அது, பழத்தைக் கடித்துப் பார்த்தால் சுவையிலும் உறவு தெரியும்.

நடும் முறையில் கவனிக்க வேண்டியவை சில. சிட்னியில் மார்ச் முதல் மே வரை நடுவது சிறந்தது. வெயில் தணிந்திருக்கும், மண்ணில் சூடு மிஞ்சியிருக்கும், கோடைக்குள் வேர் இறங்கிவிடும். பெரிய தொட்டிச் செடிகளைவிட டியூப்ஸ்டாக் எனப்படும் சிறு குழாய்க் கன்றுகளே மேல். விலை குறைவு, வேகமாக வேர் பிடிக்கும், இரண்டாம் ஆண்டில் தொட்டிச் செடியை எட்டிப் பிடித்துவிடும். பல கவுன்சில்கள் (உள்ளாட்சி அமைப்புகள்) தங்கள் நாற்றங்காலிலிருந்து குடியிருப்போருக்கு இவற்றை இலவசமாகவே தருவதால், கடைக்குப் போகுமுன் உங்கள் கவுன்சிலில் விசாரியுங்கள். குழி தோண்டி, நிறைய நீர் ஊற்றி வடியவிட்டு, கன்றை வைத்து, மண்ணை இறுக்கி, மீண்டும் நீர் ஊற்றுங்கள். எரு போடாதீர்கள். நம் கை தானாகவே சாண எருவையோ கோழி எருவையோ தேடும். ஆனால் பாங்க்சியா, கிரெவில்லியா, ஹேக்கியா மூன்றும் பாஸ்பரஸ் மிகக் குறைந்த பழம்பெரும் மண்ணில் தோன்றியவை, அதைச் சுரண்டி எடுப்பதற்கென்றே கொத்துக் கொத்தான நுண்வேர்கள் கொண்டவை. கோழி எருவின் பாஸ்பரஸை அவற்றால் தாங்க முடியாது. இலை கருகிச் செத்துவிடும்.

இடைவெளியில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஒன்றரை மீட்டர் இடைவெளி விடச் சொல்லிச் செடியோடு வரும் அட்டையில் எழுதியிருக்கும். அது தோட்டம் அழகாகத் தெரிவதற்கான கணக்கு. பறவைக்காக நடும்போது முக்கால் மீட்டர் போதும். கிளைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு, உங்கள் கை உள்ளே போனால் கீறல் இல்லாமல் வெளியே வராது என்ற நிலை வர வேண்டும். ஒற்றைச் செடிகளை மனையெங்கும் தூவாமல், குறைந்தது மூன்று மீட்டர் நீளத்துக்கு ஒரு திட்டாக நடுங்கள். ஃபேரி ரென்னின் சிறகு குட்டையானது, திறந்த வெளியில் நெடுந்தொலைவு பறக்க அது அஞ்சும். ஒரு திட்டிலிருந்து அடுத்த திட்டுக்கு நான்கைந்து தாவலில் போய்விடக்கூடிய தொலைவே இருக்க வேண்டும். வேலிக்கு அப்பால் இருப்பவரும் தம் பக்கத்தில் ஒரு திட்டு வைக்க இசைந்தால், உங்கள் உழைப்பின் பலன் இரட்டிப்பாகும்.

உங்கள் மனையில் ஏற்கெனவே உண்ணிச்செடிப் புதர் இருக்கிறதா? இங்கே லாண்டானா என்று சொல்லப்படும் அந்தச் செடி நம் மலைக்காடுகளைப் போலவே இங்கும் பரவிவிட்ட களை, அகற்ற வேண்டியதுதான். ஆனால் ஒரே நாளில் வெட்டி எறியாதீர்கள். வேறு மறைவிடம் இல்லாத இடங்களில் ஃபேரி ரென் அதற்குள்தான் கூடு கட்டியிருக்கும். மூன்றில் ஒரு பங்கை வெட்டி அங்கே உள்நாட்டுச் செடி நட்டு, அது அடர்ந்தபின் அடுத்த பங்கை வெட்டுவதே சரியான முறை.

ஐந்தாம் படி: கொல்லையைக் கொஞ்சம் கலைந்திருக்க விடுங்கள்

விழுந்த இலையைப் பெருக்கித் தள்ளாமல் புதர்களின் அடியில் சேருங்கள். ஸ்க்ரப்ரென் என்ற சிறு பறவை அந்தச் சருகைக் கிளறித்தான் இரை தேடும். சிலந்தி வலையைத் துடைப்பத்தால் அழிக்காதீர்கள். ஃபேரி ரென்னும் விசிறிவாலியும் கூட்டின் நார்களைப் பிணைப்பதற்கு அந்த இழையைத்தான் எடுத்துச் செல்கின்றன. பூச்சிமருந்து வேண்டாம். புல்தரையில் வண்டுப்புழு கண்டால் மேக்பைக்கு விட்டுவிடுங்கள். தலையைச் சாய்த்துக் கேட்டு, சரியான இடத்தில் அலகைச் செருகிப் புழுவை இழுப்பதை ஒருமுறை பார்த்தவர் மருந்துப் புட்டியைத் தொடமாட்டார்.

ஆறாம் படி: நீங்களே வைத்த கண்ணிகளை அகற்றுங்கள்

பூனையில் தொடங்குவோம். மணி கட்டுவது போதாது. இரவில் மட்டும் அடைப்பதும் போதாது, ஏனெனில் சிறு பறவைகள் பகலில் நடமாடுபவை. வீட்டுக்குள்ளோ வலையடித்த கூண்டு முற்றத்திலோ வைத்து வளர்ப்பதே வழி. கான்பெராவில் 2022 ஜூலை 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்த பூனைகளை வளாகத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பக்கத்து வீட்டுப் பூனையைத் தடுக்க முள்ளடர்ந்த செடிகளே நமக்குத் துணை.

எலி மருந்து அடுத்தது. ஒரே முறை தின்றாலே கொல்லும் புதுவகை மருந்துகளில் புரோடிஃபாகோம், புரோமாடியோலோன் போன்ற வேதிப்பொருள்கள் உள்ளன. மருந்து தின்ற எலி உடனே சாவதில்லை. தள்ளாடித் திரியும் அதைப் பிடித்துத் தின்னும் ஆந்தையின் ஈரலிலும், காய்ந்த கிளை போலவே அசையாமல் உட்கார்ந்திருக்கும் டானி ஃப்ராக்மவுத் என்ற இரவுப் பறவையின் ஈரலிலும் நஞ்சு சேர்கிறது. பெட்டிக்கோ சுரங்கக் குழாய்க்கோ உள்ளே வைக்கும் அடிக்கும் பொறியே பாதுகாப்பானது.

பழமரம் வைத்திருப்போர் வலையைக் கவனிக்க வேண்டும். உங்கள் சுண்டுவிரல் நுழையும் கண்ணுள்ள வலையில் பறவையும் பழந்தின்னி வௌவாலும் சிக்கிச் சாகும். விக்டோரியாவில் 2021 செப்டம்பர் முதல், இழுத்துப் பிடித்த நிலையிலும் 5 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண்ணுள்ள வலையை மட்டுமே வீட்டு மரங்களுக்குப் போடலாம் என்ற விதி உள்ளது. மற்ற மாநிலத்தவரும் அதையே பின்பற்றலாம். தோட்டத்தைப் பிரதிபலிக்கும் பெரிய கண்ணாடிகளின் வெளிப்புறத்தில், உள்ளங்கையைவிடக் குறைந்த இடைவெளியில் புள்ளிகள் ஒட்டினால் பறவை மோதுவது குறையும். ஒற்றைப் பருந்துப் படம் ஒட்டுவதால் பயனில்லை.

ஏழாம் படி: கூடுபெட்டி, வேண்டுமானால் மட்டும்

ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தி இல்லை. ஆகவே பொந்து என்பது பூஞ்சையும் கரையானும் தீயும் சேர்ந்து, தைலமரத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேல் எடுத்து உருவாக்கும் அரிய பொருள். புறநகரில் முதிய மரங்கள் வெட்டப்பட்டுவிட்டதால் ரொசெல்லா போன்ற கிளிகளுக்குக் கூடுபெட்டி உண்மையிலேயே உதவும். தடித்த பலகையில் அரை மீட்டர் ஆழமும், ஏழெட்டு சென்டிமீட்டர் வாயும், அடியில் நீர் வடியும் துளைகளும், குஞ்சு ஏறிவர உட்சுவரில் கீறல்களும் அமைத்து, அடியில் மரத்துகள் பரப்பி, நான்கு மீட்டர் உயரத்தில் பிற்பகல் வெயில் படாத பக்கம் பார்த்துக் கட்டுங்கள். வாயருகே உட்காரும் குச்சி வைக்காதீர்கள். கிளிக்கு அது தேவையில்லை, மைனாவுக்குத்தான் வசதி. மாதம் ஒருமுறை ஏணி வைத்துப் பார்க்க உங்களால் இயலாதென்றால் பெட்டியே வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. கவனிப்பாரற்ற பெட்டி மைனா வளர்க்கும் பண்ணையாகிவிடும். ஃபேரி ரென்னுக்கு இதனால் பயன் எதுவும் இல்லை. அது புதருக்குள் தானே கட்டிக்கொள்ளும்.

எட்டாம் படி: ஓர் ஆண்டின் போக்கை அறிந்துகொள்ளுங்கள்

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சில மேக்பை ஆண்பறவைகள் கூட்டைக் காக்க மனிதரைத் தாக்கப் பாய்வதுண்டு. அது முகங்களை நினைவில் வைத்திருக்கும் பறவை. அதை விரட்டிக் கல்லெறிந்தவரை அது மறக்காது; ஆண்டு முழுதும் அமைதியாகப் பழகிய வீட்டாரை அது தாக்குவது அரிது.

செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ, அதிகாலை நான்கு மணிக்கு ஒரு குரல் உங்களை எழுப்பும். கேட்டவுடன் ஊர் நினைவு வரும். ஏனெனில் அது குயிலேதான். நம் குயிலின் நெருங்கிய இனம். நியூ கினி பக்கமிருந்து வசந்தத்தில் வந்து, கோடை முடிந்ததும் திரும்பிவிடும். நம் ஊரில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவது போல, சிட்னியில் இது பெரும்பாலும் ரெட் வாட்டில்பேர்ட் என்ற பெரிய தேன்குடிப் பறவையின் கூட்டில் இடும். உறக்கம் கெடுகிறதென்று அக்கம்பக்கத்தார் நொந்துகொள்வார்கள். நமக்கோ அது வேறு கணக்கு.

நவம்பர், டிசம்பரில் தரையில் குஞ்சுகளைக் காண்பீர்கள். உடல் முழுதும் இறகு முளைத்து, தத்தித் தத்தி நடக்கும் குஞ்சு அநாதை அன்று. பெற்றோர் அருகில் இருந்து ஊட்டிக்கொண்டிருக்கும். பூனைக்கு எட்டாத கிளையில் தூக்கி வைத்துவிட்டு விலகுங்கள். இறகு முளைக்காததையும், பூனை வாய் பட்டதையும், சிறகு முறிந்ததையும் அட்டைப் பெட்டியில் துணி விரித்து இருட்டில் வைத்து, தீனியோ நீரோ கொடுக்காமல் அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், அல்லது நியூ சவுத் வேல்ஸில் வயர்ஸ் என்ற காட்டுயிர் மீட்பு அமைப்பை அழையுங்கள்.

முதல் ஆண்டில் தண்ணீர்த் தட்டுக்கு வரும் பறவைகளைத் தவிரப் பெரிய மாற்றம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். இரண்டாம் ஆண்டில் செடிகள் இடுப்பளவு வரும். சில்வர்ஐ கூட்டமும் ஸ்பைன்பில்லும் எட்டிப் பார்க்கும். அருகில் ஓடைக்கரையோ புதர்க்காடோ இருந்தால், மூன்றாம் ஆண்டுவாக்கில் ஃபேரி ரென் வரலாம். முதலில் தவிட்டு நிறப் பெண்பறவைகளும் இளம்பறவைகளும் வாலை நிமிர்த்திக்கொண்டு புல்லில் தத்தும். எலி என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். பின்னால் நீல ஆண்பறவை வரும். அது குடியேறிவிட்டதற்கு அடையாளம் காரில் தெரியும்: வசந்தத்தில் ஆண்பறவை, பக்கக் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை எதிரி என்றெண்ணி மணிக்கணக்கில் கொத்திக்கொண்டிருக்கும், கதவெல்லாம் எச்சமாகும். பழைய காலுறை இரண்டை எடுத்து, காரை நிறுத்தியதும் இரு கண்ணாடிகளுக்கும் மாட்டிவிடுங்கள்.